நிரையும் நிரலும்

பள்ளியில் இரண்டையும் மாற்றித்தான் சொல்வேன்.
படுத்திருப்பது நிரை, நிற்பது நிரல் என்று
மேசையில் பேனையைக் கிடத்தியும் நிமிர்த்தியும்
கிருபாலினிதான் மண்டையில் ஏற்றினாள்.

இப்போது கொட்பேத் துறைமுகக் கந்தோரில்
பதினோராயிரம் நிரைகள் என் திரையில்.
படகு, திகதி, மீன், கிலோ.
0417, மாசி ஆறு, சூரை, முப்பத்தெட்டு.
0417, மாசி ஏழு, பாரை, நான்கு.
கரைக்கு வந்த ஒழுங்கில்
ஈரம் காயாமல் ஒன்றன்கீழ் ஒன்று.

பணிப்பாளருக்கு மாதங்கள் பக்கவாட்டில் வேண்டும்.
ஒரே தாள். பத்து மணிக்கு முன்.

எழுதினேன்:
மாதம் தை எனில் எடையை எடு,
இல்லையெனில் விடு.
பன்னிரண்டு தரம் அதே வாக்கியம்,
மாதத்தின் பெயர் மட்டும் மாறி.
பிறகு படகெண்ணால் கட்டு, கூட்டு.
ஒரு கட்டத்துக்குள் ஓர் எண்தான் குடியிருக்கலாம்.
விடிய வந்த சூரையும்
மழையோடு வந்த பாரையும்
நாற்பத்திரண்டாகிப் போயின.

வராத நாளுக்கு யாரும் ஒரு வரி எழுதுவதில்லை.
நிரைகளில் அதனால் யாரும் குறைவதில்லை.
திருப்பிப் போட்டதும்தான்
0417க்கு நேரே ஆனியும் ஆடியும்
பல் விழுந்த இடமாய்த் தெரிந்தன.

"பூச்சியம் போடுங்கோ தங்கச்சி,
வெறுமையாக் கிடந்தா வடிவில்லை."

கிண்ணியாவுக்கு அழைத்தேன். ரிஃப்கானின் மனைவி:
"எஞ்சின் அடகுல, மகள். ஆவணியிலதான் மீட்டம்."

வைகாசி நிரலோ
மேலிருந்து கீழ்வரை வெறுமை.
அது என் செங்கண்மாரி.
கடலில் மீன் இருந்தது,
இந்தக் கதிரையில் ஆள் இல்லை.

கூட்டினால் பூச்சியமும் வெற்றிடமும் ஒன்றுதான்.
சராசரி எடுக்கும்போதுதான்
பூச்சியம் காலைப் பிடித்துக் கீழே இழுக்கும்.
மண்ணெண்ணெய் மானியம் சராசரியில் தொங்குகிறது.

உண்மையான பூச்சியமும் ஒன்று உண்டு.
0288, மார்கழி பதினொன்று.
அந்த மாதத்தில் ஒரேயொரு தரம்
வாடைக்குள் போய், வலை கிழிந்து,
வெறும் பெட்டியைத் தராசில் வைத்தார் செபமாலை.
"எழுதுங்கோ. போனனான்."

அவர் பூச்சியத்தை அவருக்கே விட்டேன்.
மற்ற இடங்களில் கை வைக்கவில்லை.

ஒன்பது ஐம்பத்திரண்டு. தாள் இன்னும் சூடாக இருந்தது.
பணிப்பாளர் வெள்ளைக் கட்டங்களைப் பார்த்தார்,
மேசையில் பேனையைத் தேடினார்.
கையெழுத்துக்கென்று நேற்றே வாங்கிய நான்
அதைத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை.