மதுரை 5.40

சிம்மக்கல் அச்சகத்தில்
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் மேசைக்கு வரும்
யூதக் குடும்பங்களின் இதழ்.
நூற்றுப் பன்னிரண்டு பிரதி.
எபிரேய வரியொன்றை
இடமிருந்து ஓடவிட்டேன் ஒருமுறை.
கொச்சியிலிருந்து எலியாஸ் சார்
போனில் சிரித்தார், திட்டவில்லை.

கடைசிப் பக்கம்
வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம்:
கொச்சி, தானே, மும்பை.
அடியில் மதுரை,
கொச்சிக்கு ஏழு நிமிடம் முந்தி,
டி.ஆர்.ஓ. காலனி ரிவ்கா டீச்சர் ஒருவருக்காக.

இந்தமுறை மின்னஞ்சல்:
டீச்சர் மகனோடு அஷ்தோத் போய்விட்டார்,
மதுரை வரியை எடுத்துவிடவும்.

எடுத்தேன்.
அந்த இடத்தில்
பாத்திரக்கடை விளம்பரம் சரியாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை
வைகைப் பாலத்தில் பஸ் நகரவில்லை.
கையைத் திருப்பி மணி பார்த்தேன்.
“நேரமாயிருச்சாம்மா?” என்றார்
பக்கத்தில் பூக்கூடைக்காரர்.

ஆயிருச்சு என்றேன்.