செல்லாக் காசு

மூன்றாவது தடவையாக
மிலாக்ரோஸ் குழாய்களைத் திருப்பிக் கொடுத்தாள்.
"ரத்தம் உடைஞ்சிருக்கு."
வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.
மேலே மஞ்சளாய்த் தெளிந்து நிற்க வேண்டியது
பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்போல் நின்றது.
"ஒர்த்தென்சியா, இதைத் தூக்கிட்டு வர்றியா,
உதைச்சுட்டு வர்றியா?"

ஆஸ்பத்திரியிலிருந்து சோதனைக்கூடம் நாலு கிலோமீட்டர்.
அதில் மூன்று, கருங்கல் பாவிய தெரு.
தாந்தில் மலையை உடைத்துத்
தலைநகருக்குக் கல் அனுப்பியவர்கள்
மிச்சத்தை எங்களுக்குப் போட்டுவிட்டார்கள்.
என் எழுபத்து மூன்றாம் வருடத்துக் கிலேரா
ஒவ்வொரு கல்லையும் மணிக்கட்டுக்குத்
தனித்தனியாக அறிமுகம் செய்துவைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை.
எஞ்சினுக்கு அடியில் ஆப்பிள் பெட்டி,
முன்சக்கரம் அந்தரத்தில்.
எதிர்வீட்டு எவாரிஸ்தோவுக்குக்
கறிக்கடை மூடிய நாளில்
எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.
ஹேண்டில்பாரைக் கொடுத்தேன்.

அடித் திருகைக் கழற்றினால்
எண்ணெய் வரவில்லை. யோசித்தது.
பிறகு வந்தது, கறுப்பாக,
வெள்ளித் தூள் கலந்து,
செத்த மீனும் பழைய பேட்டரியும் சேர்ந்த நாற்றத்தோடு.
எவாரிஸ்தோ மாத்தேக் குடுவையைக்
காலால் தூரத் தள்ளி வைத்தார்.

மேல்மூடியின் கடைசி மரைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்,
ஸ்பிரிங் துள்ளி மோவாயில் அடிக்கும் என்று.
அது ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.

இடது காலுக்குள், ஸ்பிரிங்கின் தலைமேல்,
அடுக்கி வைத்த ஐந்து நாணயம்.
எழுபத்தெட்டு உலகக் கோப்பைக்கு அடித்தவை.
தளர்ந்த ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுக்க
யாரோ சில்லறை போட்டிருக்கிறான்.
அதற்கப்புறம் இந்த நாட்டுப் பணத்தில்
பதினோரு சைபரை அழித்தாகிவிட்டது.
ஐந்தையும் சேர்த்துக் கொடுத்தாலும்
ஒரு சைபரின் ஓரம்கூடக் கிடைக்காது.
செல்லாக் காசு.
இத்தனை வருடம் சென்றதும் அதுதான்,
என்னையும் ஏற்றிக்கொண்டு.

வலது காலில் நாலுதான்.
ஐந்தாவதாக, பித்தளையில்,
முகத்தில் பள்ளம் ஓடிய
பொதுத் தொலைபேசி வில்லை.

அங்கே ஆரம்பித்தது சண்டை.
"ஒரு காசு குறைஞ்சிருக்கு. கையில கிடந்ததைப் போட்டிருக்கான்."
"காசுதான் வேணும்னா பேக்கரியில மாத்தியிருப்பான்.
இதைப் போட்டவன், பேச வேண்டாம்னு முடிவு பண்ணினவன்."
"யார்கிட்ட?"
"அந்த வருஷம் போன் பண்ணாம இருக்கிறதுக்குக்
காரணமா இல்லை?"
அப்புறம் ஹேண்டில்பாரை
இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.
சக்கரம் ஆடவே இல்லை.

பழையவற்றைத் தரையில் கிடத்தி அளந்தேன்.
இடது நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர்,
வலது நானூற்று நாலு.
புதியது நானூற்று முப்பது.
நெருக்கமான சுருள் மேலே வரவேண்டும்;
முதலில் தலைகீழாகப் போட்டேன், எடுத்தேன்,
திட்டினேன், திரும்பப் போட்டேன்.

எண்ணெய், ஒரு காலுக்கு நூற்று அறுபத்தைந்து மில்லி.
பால்புட்டியில் அளந்து,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
புட்டியின் கோட்டையே பார்த்தபடி ஊற்றினேன்.
மேலும் கீழும் இழுத்துக் காற்றை விரட்டியபோது
உள்ளே ஏதோ முனகி, குமிழ்விட்டு, அடங்கியது.
பெட்டியை உருவிவிட்டு
உடம்பின் பாரத்தையெல்லாம் கைப்பிடியில் போட்டு அழுத்தினேன்.
இறங்கியது.
அவசரப்படாமல் திரும்பி எழுந்தது,
நாற்காலியிலிருந்து கனத்த ஒருவர் எழுவதுபோல.

திங்கள். எட்டுக் குழாய்.
மிலாக்ரோஸ் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்துப் போனாள்.
மணிக்கட்டுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.
பேக்கரி முனைப் பள்ளத்துக்கு முன்னால்
இல்லாத அடிக்கு இறுகிக்கொள்கிறது.

கழுவி வைத்த தட்டில் ஒன்பது காசு இருந்தது.
வில்லை இல்லை.
கடையில் எவாரிஸ்தோ
விலா எலும்பு வெட்டிக்கொண்டிருந்தார், நிமிராமல்.
அரைக் கிலோ வாங்கினேன்.
மீதிச் சில்லறையை
எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டேன்.