கைமாற்று

ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் என்று
குழுவில் போட்டிருந்தான் சீனிநைனார்,
ஷார்ஜாவிலிருந்து, வெள்ளிக்கிழமை மத்தியானம்.
துறைப் படகுக்கு என்ஜின்.
படகின் நெற்றியில் நம் பெயர்கள்.
கீழே பதினொரு கும்பிடு, ஒரு அழுகை முகம்.
மெர்வின் மட்டும் கேட்டிருந்தான்: வரிவிலக்கு உண்டா?

நான் ஒன்றும் போடவில்லை.

மொய் தெரியும் எனக்கு.
யார் வீட்டு நோட்டில் யாருக்கு எவ்வளவு என்று
பாம்பனில் எங்கள் தெருப் பிள்ளைகளே சொல்லும்.
வாங்கியவர் திருப்பி எழுதணும்,
ஒரு ரூபாயாவது கூட்டி.
சரி. எனக்கு எழுதியது யார்?

பருவத்துக்கு அறுநூற்றுப் பதினைந்து கட்டினேன்.
விரலுக்குத் துணி சுற்றி அம்மா முங்கி எடுத்த
கஞ்சிப்பாசியில் அது பத்து நாள் காசு.
மிச்சத்தை,
நுண்ணோக்கியை, ஃபார்மலின் புட்டிகளை,
திலகேஸ்வரி மேடத்தின் சம்பளத்தை,
நான் உடைத்த மூன்று கண்ணாடிக் குடுவைகளை
சோப்பு வாங்கியவர்கள் கட்டினார்கள்.
பீடி வாங்கியவர்கள், தீப்பெட்டி வாங்கியவர்கள்,
கமுதிப் பக்கம் கருவேலம் வெட்டிக்
கரிமூட்டம் போட்டவர்கள்.
அவர்கள் யாரும் இந்தக் குழுவில் இல்லை.
அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு
எனக்குப் பத்திரிகையும் வந்ததில்லை.

லீவில் வந்தபோது
உப்பூர் விலக்கில் இறங்கி நடந்தேன்.
துறை அங்கேயே இருந்தது, சுவரில் உப்புப் பூத்து.
கூடத்தில் புதிதாக ஒரு குழல்விளக்கு:
உபயம் என்று தொடங்கி
ஊர், இனிஷியல், பட்டம் எல்லாம் எழுதியது போக
வெளிச்சத்துக்கு நாலு விரற்கடை விட்டிருந்தார்கள்.

பாண்டிச்செல்வம் கௌரவ விரிவுரையாளர்.
"கௌரவம் மாசாமாசம் வந்துருதுக்கா.
சம்பளந்தான் மார்ச்லருந்து வரல."
ஷெட்டைத் திறந்து காட்டினார்.
"போன செட்டு குடுத்த என்ஜினு. நல்ல என்ஜின்தான்.
டீசல் யாரு ஊத்துவா?"
எல்லாம் துருவேறிக் கிடந்தது,
பெயர்ப்பலகை தவிர.
அது எவர்சில்வர்.

கொடுத்தால்
கோட்டையில் ஒரு கோப்பின் ஓரத்தில்
யாரோ எழுதுவார்:
முன்னாள் மாணவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்,
இந்த இனத்துக்கு நிதி தேவைப்படாது.
கொடுக்காவிட்டால்
இந்த வருடப் பிள்ளைகள்
கடலைப் படத்தில் படிப்பார்கள்,
ஜன்னலுக்கு வெளியே அது கிடக்கும்போதே.
இரண்டும் நிஜம்.
இரண்டையும் வைத்துக்கொண்டு
ஒரு டீ குடித்தேன். ஆறிப்போன டீ.

பன்னிரண்டு மாத டீசலுக்குப் பணம் எண்ணிவைத்தேன்.
ரசீதில் நன்கொடை என்பதை அடித்துவிட்டுக்
கைமாற்று என்று போடச் சொன்னேன்.
"யாருக்கு மேடம் கைமாத்து?"
அரசாங்கத்துக்கு.
"அப்படிக் கலம் இல்லையே" என்றார் எழுத்தர்.
பாண்டிச்செல்வம் சிரித்தார்:
"திருப்பிக் குடுப்பாங்களாக்கா?"
குடுக்க மாட்டாங்க.
ஆனா கேக்கலாம்ல.
நன்கொடைய எப்படிக் கேக்குறது?

எழுத்தர் யோசித்தார்.
பின்பக்கத்தில், பென்சிலால், சின்னதாக எழுதினார்.
அழிக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான்.
இருக்கட்டும். நான் படம் எடுத்துக்கொண்டேன்.

சீனிநைனாருக்கு அந்தப் படத்தை அனுப்பினேன்:
நெற்றியில் பேர் வேண்டாம்,
பாக்கித்தொகையை எழுது.
நீலக் கோடு இரண்டு விழுந்தது.
பதில் வரவில்லை இன்னும்.

மறுநாள் காலை, வாடை விழுந்த நேரம்,
பழைய என்ஜின் இருமி இருமிக் கிளம்பியது.
காரங்காட்டு அலையாத்திக்கு எதிரே நிறுத்தி
இரண்டாம் வருடத்து ஆஷிகா
கறுப்பும் வெள்ளையுமான தட்டைக்
கயிற்றில் கட்டி இறக்கினாள்.
கண்ணுக்குத் தட்டு மறையும் ஆழத்தைக் குறிக்கணும்,
அவ்வளவுதான் பாடம்.
குனிந்ததில் துப்பட்டா நனைந்தது, அவள் பார்க்கவில்லை.
தெரியுது சார்.
இன்னும் தெரியுது.
கொஞ்சம் கயிறு விடுங்க.