சுவைக் தொகுதி

வேலைக்கு எடுத்த அன்று
ஹிலால் பின் கல்ஃபான் என் லைசென்ஸைப் பார்க்கவில்லை.
உன் ஊரில் தண்ணீர் எப்படி என்றார்.
உப்பு என்றேன்.
சாவியைத் தூக்கிப் போட்டார்.

ஊர்ப் பெயர் சுவைக்.
தமிழில் இதற்கு வேறு வாசனை உண்டென்று
அவருக்கு விளக்க எனக்கு
ஆறு வருஷ அரபி தேவைப்பட்டது.
சிரித்தார்.
அப்புறம் சிரிக்கவில்லை.

முதல் தேர்தலில்
எலுமிச்சைக்கு வந்த நோயைப் பேசினார். ஜெயித்தார்.
இரண்டாவதில் பேரீச்சைக்கு விலை.
மூன்றாவதில் பெரிய பம்புக்கு மானியம்.
ஜெயித்தார், ஜெயித்தார்.
மஸ்கட் போக ஒன்றரை மணி நேரம்.
ஷூராவில் பேசப்போவதைப் பின்சீட்டில் ஒத்திகை பார்ப்பார்.
'மாண்புமிகு தலைவர் அவர்களே' என்பதை
அரபியில் எத்தனை கோபமாய்ச் சொல்லலாமென்று
எனக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை தோட்டம் தோட்டமாய்ப் போவோம்.
காபி, பேரீச்சை, குறை, மறுபடி காபி.
அவர் மஜ்லிஸில் இருக்க
நான் கிணற்றடியில் மீட்டரை முக்குவேன்.
கடலோரம் ஏழாயிரம்.
ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாலாயிரம்.
அடுத்த வருஷம் இந்தப் பக்கமும் ஏழாயிரம்.
மீட்டர் பொய் சொல்லும், நீ குடித்துச் சொல் என்பார்.
மீட்டர் பொய் சொல்லவில்லை.

தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து
வெள்ளரி போட்டு
கடனில் கிடந்ததெல்லாம் நோவாகாலிப் பையன்கள்.
அவர்களுக்கு ஓட்டில்லை. எனக்கும்தான்.
எங்களிடம் மட்டும்
வாக்குறுதி எதுவும் தராமல் பேசுவார்.
மண் எப்படி?
வெள்ளை, அர்பாப், என்பான் மொஃபிஸுல்.

நான்காவது தேர்தல்.
எழுதிக்கொடுத்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு
'கடல் நமக்குக் கீழே வந்துவிட்டது' என்றார்.
புல் போடாதீர்கள். பம்பைப் பாதியாக்குங்கள்.
மானியம் வாங்கித் தந்தவன் நான்தான்,
என் கிணற்றை முதலில் மூடுகிறேன்.
கூட்டத்தில் ஒருவர் எழுந்து
என் ஒட்டகம் உங்கள் பேச்சைத் தின்னுமா என்றார்.
கைதட்டல் அவருக்கு.

இந்த முறை போனிலேயே ஓட்டு.
வீட்டில் இருந்தபடி, ஒற்றை விரலால்,
பம்பை நிறுத்தாமலே தோற்கடித்தார்கள்.
முந்நூற்றுப் பதினொன்று வித்தியாசம்.
சொந்தத் தம்பி வீட்டு ஓட்டே விழவில்லையாம்,
சமையல்காரன் சொன்னான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்த மனிதருக்கு உப்பைக் காட்டியவன் நான்.
எப்படி நினைப்பாரோ என்று
இரண்டு நாள் முகம் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு
அவரே வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.
பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.
மீட்டர் இருக்கா என்றார்.
பேட்டரி போயிருந்தது.
நாக்கு இருக்கே என்றார்.
எந்தத் தோட்டத்துக்கு?
ஜெயித்தவன் தோட்டத்துக்கு என்றார்,
பெல்ட் எந்தப் பக்கம் என்று
தேடிக்கொண்டே.