இரட்டைச் சுழி

பகாவில் மின்சாரம் போனால்
என் இயந்திரத்துக்கு எதுவும் உடைவதில்லை.
எங்கே நிற்கிறோம் என்பது மட்டும்
மறந்துபோகும்.

டயர்க் கடைக்கு மேல்மாடி.
ஆ கியோங்கின் பழைய இரும்புக் குவியலில்
கிலோ கணக்கில் நிறுத்து வாங்கிய செர்வோ மோட்டார்கள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் என்கோடர்,
கோடு கிழித்த சின்னக் கண்ணாடித் தட்டு.
சுற்றுக்கு ஈராயிரத்து ஐந்நூறு கோடு.
ஓடும்போது ஒன்றுவிடாமல் எண்ணும்.
இருட்டினால் அத்தனையும் போச்சு.

ஆகவே தினமும் காலையில் அதை வீடு தேட விடுகிறேன்.
பித்தானை அழுத்தினால்
இடப்பக்கமாக ஊர்ந்து போய்
ஒரு சுவிட்சை முட்டும்.
சுவிட்ச், நம்ம ஊர் ஆட்கள் வழி சொல்வதுபோல:
‘அந்தா, அந்த மரத்துக்குப் பக்கத்துல.’
மரம் வரைக்கும் சரி.
அதன் பிறகு மெல்ல, மிக மெல்லப் பின்வாங்கி
தட்டில் தனியாகக் கிழித்த ஒற்றைக் கோட்டைத் தேடும்.
சுற்றுக்கு ஒரே தரம் கண் சிமிட்டும் கோடு.
சிமிட்டிய இடம் பூஜ்யம்.
நான் சுழி என்பேன்.
பிள்ளையார் சுழி போடாமல் என் முனை பித்தளையில் இறங்காது.

கோயில் தண்ணீர்த் தொட்டிக்கு உபயப் பலகை:
அமரர் உத்தண்டி குடும்பத்தார்.
கட்டம் போட்டு நானே வரைந்த எழுத்து,
கட்டத்துக்கு ஐந்து மில்லிமீட்டர்.
எழுத்துக்கு ஒரு முனை, புள்ளிக்கு ஒரு முனை.
எழுத்து முடிந்தது. இடி இறங்கியது. கரண்ட் போனது.
வந்ததும் வீடு தேடவிட்டேன்,
புள்ளி வைக்கச் சொன்னேன்.

வைத்தது.
எல்லாப் புள்ளியும் ஒரு வீடு தள்ளி.
முதல் த-வின் புள்ளி அடுத்த த-வின் தலையில்,
ண-வின் புள்ளி டி-யின் கொண்டையில்.
வாய்க்குள் நுழையாத ஒரு மனிதர்
பித்தளையில் பளபளத்தார்.

அளந்தேன். ஐந்து.
நாலரை இல்லை, ஐந்தேகால் இல்லை.
தவறுக்கு இத்தனை நேர்த்தி ஆகாது.

ஃபைருஸ் செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்து
மழைக்கோட்டில் சுற்றிய ஆஸிலோஸ்கோப்போடு வந்தாள்.
கண்ணில் தூக்கம், கையில் ரொட்டி.
நாலைந்து தரம் ஓடவிட்டுப் பார்த்தாள்.
‘காக், தெங்கோ நி.’
திரையில்
சுவிட்ச் விழும் கணமும் சுழி சிமிட்டும் கணமும்
ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன.
வெயிலில் சுவிட்ச் ஒரு மயிரிழை முந்தினால் இந்தச் சுழி.
மழைக் குளிரில் ஒரு மயிரிழை பிந்தினால் இது கைநழுவி
அடுத்தது சிக்கும்,
முழுசாக ஒரு சுற்று தாண்டி.
திருகுத் தண்டில் ஒரு சுற்று ஐந்து மில்லி.

‘இதுக்கு ரெட்டைச் சுழி’ என்றேன்.
விளக்கிச் சொன்னதும் சிரித்தாள்.
அவர்களிடமும் உண்டாம், டுவா பூசார்,
சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளை.
அவள் தம்பிக்கு இருக்கிறதாம்.

வைத்தியம் பத்து நிமிடம்.
இணைப்பியின் திருகு இரண்டைத் தளர்த்தி
மோட்டார்த் தண்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி
இறுக்கினேன்.
இப்போது சுவிட்ச் இரண்டு சுழிக்கும் நட்டநடுவில் விழுகிறது.
முந்தட்டும், பிந்தட்டும்.
நாற்பது முறை வீட்டுக்கு அனுப்பினேன்.
டயல் கேஜின் முள்
நாற்பது முறையும் அதே கோட்டில் வந்து நின்றது.
முப்பத்தொன்றாவதில் கொஞ்சம் நடுங்கியது,
கீழே லாரி போனது.

மகள் மங்களேஸ்வரி செனவாங்கிலிருந்து வந்தார்.
புதுப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு
மூலையில் கிடந்த பழையதைக் கேட்டார்.
‘ஐசில ஒத்தாண்டி. தோட்டத்து செக்ரோல்ல ஊட்டண்டி.
செத்த பத்திரத்துல வேற ஒன்னு.
இதுவும் அப்பாதான், குடுங்க.’
காசு ஒன்றுக்குத்தான் கொடுத்தார்.
அதிலும் பத்து வெள்ளி குறைத்து.

சாயங்காலம் மறுபடி மழை.
விளக்கு அணைந்து காற்றாடி ஓய்கிறது.
இருட்டில் அது இடம் மறந்து நிற்கிறது,
நான் கோப்பிக் கிளாஸைத் துழாவுகிறேன்.

கீழே டயர்க் கடை கம்ப்ரசர் தும்முகிறது,
கரண்ட் வந்துவிட்டது.
பித்தானை அழுத்துகிறேன்.
அந்தா, அந்த மரத்துக்குப் பக்கத்துல.
போ.