கைமாறு

நான் வண்டியோட்டி. பெயர் தஸ்ஸேரே.
இந்தக் கதைக்குள் வர வேண்டியவனே இல்லை.
உவாகடூகுவிலிருந்து ஒரு படக்காரரை ஏற்றி வந்தேன்,
அவ்வளவுதான்.
அவர் சட்டைப்பையில்
முதலாளி எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு:
‘ஷியா வெண்ணெய் எடுக்கும் பெண்ணின் கைகள்.
உழைத்துத் தேய்ந்தவை.
வெடிப்பு தெரிய வேண்டும்.’

ஜனவரி.
பாலைவனத்தைப் பொடித்துத் தூக்கிக்கொண்டு
ஹர்மட்டான் காற்று வருகிற மாதம்.
பகலிலேயே சூரியன்
துடைக்காத சிம்னி மாதிரி இருக்கும்.
வாய்விட்டுச் சிரித்தால் உதடு கிழியும்.
ஆகவே எங்கள் ஊர்க்காரர்கள்
பல்லைக் காட்டாமல் நையாண்டி பேசக் கற்றவர்கள்.

கொட்டகையில் ஒன்பது பெண்கள்.
வறுத்து அரைத்த கொட்டை
காப்பிக் கசண்டு நிறத்தில், புகை வாசத்தோடு
தொட்டிகளில் கிடந்தது.
ரஸ்மாட்டா முழங்கை வரை உள்ளே விட்டு அடித்தாள்.
தண்ணீர் வார்த்தாள். அடித்தாள்.
மறுபடி தண்ணீர்.
பக்கத்துத் தொட்டிக்காரியோடு
ஆட்டு விலை பற்றி ஒரு சண்டையும் நடந்தது.
எந்தச் சுற்றில் என்று சொல்ல முடியாது,
சேறு வெளுத்தது.
நுரைத்துத் திரண்டு
வெள்ளை மட்டும் மேலே வந்து நின்றது.

‘கையைக் கழுவிக் காட்டுங்கள்’ என்றார் படக்காரர்.
காட்டினாள்.
அவர் முகம் விழுந்துவிட்டது.

நாற்பத்தாறு வயதுக் கைகள்.
விறகு பிளந்தவை, மூட்டை புரட்டியவை,
கொதிக்கும் அண்டாவை இறக்கியவை.
நகக்கண்ணில்கூட ஒரு கீறல் இல்லை.
‘வேறு யாராவது?’
ஒன்பது பேரும் பதினெட்டுக் கை நீட்டினார்கள்.
பதினெட்டும் அப்படியே.
‘நாள் முழுக்க இதிலேயே ஊறுகிற கைக்கு
வெடிப்பு வேண்டுமாமே!’ என்றாள் அபிபூ,
உதடு பிரியாமல்.

படக்காரர் கைவிரித்தார்.
விரித்த கையோடே திரும்பி
என் கையைப் பார்த்தார்.

டீசல் குடித்த கை.
செம்மண் சாலையில் டயர் கழற்றி மாட்டி,
பிரேக் எண்ணெயில் வெந்து,
விரல் மடக்கினால் கோடுகோடாகச் சிவப்புக் காட்டும் கை.
ரஸ்மாட்டாவின் தொட்டியில் அதை முக்கினார்கள்.
மணிக்கட்டில் அபிபூவின் செப்பு வளையல்.
நாற்பது படம் எடுத்தார்.
ஒன்பது பெண்களும் முந்தானைக்குள் குலுங்கினார்கள்.

கிளம்பும்போது ரஸ்மாட்டா
தக்காளி டின் ஒன்றில் வழித்துத் தந்தாள்.
முதலில் மெழுகுக் கட்டிபோல முரண்டு பிடிக்கும்.
உள்ளங்கையில் வைத்து மூடினால்
நம் சூட்டுக்கே இளகி,
எண்ணெயாகி, தோலுக்குள் இறங்கிவிடும்.
எனக்கென்று தந்ததுதான்.
ஆனால் வீட்டில் டின்னுக்கு ஆள் கூடிவிட்டது:
காதிஜாவின் ஏழு மாத வயிறு, இழுபட்டு அரித்துக்கொண்டிருந்தது.
மகளின் வகிடு.
என் குதிகால், அதைப் பற்றிப் பேச வேண்டாம்.
பிறகு, சொன்னால் ரஸ்மாட்டா திட்டுவாள்,
கிறீச்சிட்ட வண்டிக் கதவின் கீல்.

மே மாதம் நகரத்து மருந்துக்கடையில்
என்னைப் பார்த்தேன்.
கண்ணாடி அலமாரியில், சின்னச் சின்னச் சீசாக்களில்
என் கட்டைவிரல், அபிபூவின் வளையல்.
அடியில் ‘பெண்களின் கைகளிலிருந்து’ என்று எழுத்து.
தக்காளி டின்னில் மூன்றிலொரு பங்கு இருக்கும்.
விலை ஏழாயிரம் பிராங்க்.
கடைக்காரப் பெண் கேட்டாள்: ‘வாங்குகிறீர்களா?’
‘கொடுத்துவிட்டேன்’ என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் படக்காரர் கூப்பிட்டார்.
பெரிய சீசாவுக்கு இன்னொரு படம் வேண்டுமாம்.
போனேன். விளக்கடியில் என் கையைப் புரட்டினார்,
திரும்பப் புரட்டினார்.
‘என்னப்பா, கையைக் கெடுத்து வைத்திருக்கிறாய்!’

ரஸ்மாட்டாவிடம் போய்ச் சொன்னேன்.
முதல் மழை பெய்திருந்தது,
மரத்தடியெல்லாம் பழம் உதிர்ந்து கிடந்தது.
கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.
இது பல் தெரியச் சிரிக்கலாம் என்கிற மாதம்.
சிரித்தோம்.

அபிபூ மட்டும்
வளையலுக்கு வாடகை கேட்டுக்கொண்டிருக்கிறாள்,
இன்னும்.