இடது பெட்டி

முக்கால் இஞ்ச் பிளைவுட், எட்டுக்கு நாலு, ஒரே ஷீட்.
கிருஷ்ணகிரி பழையபேட்டையில்
தப்ரேஸ் கடையில் அறுத்து வாங்கினேன்.
பெட்டிக்கு ஆறு பலகை.
பன்னிரண்டும் பென்சில் கோட்டை மீறவில்லை.
"கோழிக் கூண்டா?" என்றான்.
பாட்டுப் பெட்டி என்றேன்.
"பாட்டுக்கு எதுக்குய்யா இத்தனை கனம்?"

போன வருஷம்
மாம்பழப் பெட்டிப் பலகையில் ஒன்று செய்தேன்.
அது தானும் சேர்ந்து பாடியது.
தவிலடித்தால் பலகை உறுமும்,
பேச்சு வந்தால் சளி பிடித்துப் பேசும்.
நல்ல பெட்டி வாய் திறக்காது.
விலாவில் கை வைத்தால்
தூங்கும் மாடுகூட அதைவிட அதிகம் அசைய வேண்டும்.

உள்ளே குறுக்குச் சட்டம் இரண்டு.
மூலைக்கெல்லாம் ஃபெவிகாலில் குழைத்த மரத்தூள்.
என் தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சு
(அன்று முதல் போர்வையை மடித்துத்
தலைக்கு வைத்துக்கொள்கிறேன்).
மூன்று இஞ்ச் பிவிசி குழாயை
அரை அரை இஞ்சாக நறுக்கி நறுக்கி
பம்பையின் அடிவயிறு வந்து உட்காரும்வரை
ஐந்து ராத்திரி.
ஊஃபர், பெங்களூர் எஸ்.பி. ரோட்டில்.
அடியில், பர்கூர் ஃபேக்டரியில் கழித்துப் போட்ட
கருங்கல் துண்டு,
ஷிஃப்ட் முடிந்து நானே பாலிஷ் போட்டது.
ஒரு பெட்டியைத் தூக்க
இரண்டு ஆள் வேண்டும்.

முதலில் போட்டது
காவேரிப்பட்டணம் மயானக்கொள்ளையில்
போனில் நானே பிடித்த பம்பை.
வலது பெட்டியில் சலங்கை
மணி மணியாக உதிர்ந்தது.
இடது பெட்டியில்
சலங்கைமேல் ஈரத்துணி.

திறந்தேன். ட்வீட்டர் வயரை மறுபடி பற்றவைத்தேன்.
மூடினேன். ஈரத்துணி.
திறந்தேன், புது கெபாசிட்டர்.
பஞ்சைப் பாதி எடுத்தேன், பிறகு திரும்பத் திணித்தேன்.
நாலாம் தடவை ஸ்குரூ பிடிக்கவில்லை,
துளை தேய்ந்து சும்மா சுற்றியது.
வலது வயரை இடதுக்கு மாற்றினேன்.
அப்போதும் இடதுதான்.
சுவர்தான் கோளாறு என்று பீரோவை நகர்த்தினேன்.
ஜன்னலில் ஆணியடித்து
தலைக்கு வைத்த அந்தப் போர்வையையும்
தொங்கவிட்டேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்குது" என்றாள் கவுரம்மா.
உனக்குத் தெரியாது என்றேன்.

பெட்டிகளை இடம் மாற்றிப் பார்க்கணும்,
நாளைக்குத் தப்ரேஸைக் கூப்பிடுறேன்
என்று சொல்லிக்கொண்டிருந்தபோது
கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:
"பெட்டிய ஏன் தூக்கறீங்க?
நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காருங்க."

முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

ஈரத்துணி எழுந்தது.
நடந்தது.
வலது பெட்டிமேல் போய்ப் படுத்துக்கொண்டது.

கல்லறுக்கும் பிளேடுக்கு இடது பக்கத்தைக் கொடுத்து
பன்னிரண்டு வருஷமாக நிற்கிறேன்.
காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள்.
வேர்த்தால் நழுவுகிறதென்று
சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

பாட்டை நிறுத்தவில்லை.
"சலங்கை இப்ப எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.
"நடுவுல" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"நல்லாருக்கு."
அவள் அதைச் சும்மா சொல்கிறவள் இல்லை.

ஆம்ப்ளிஃபயரில் பேலன்ஸ் குமிழ்
இடது பக்கம் சாய்ந்திருந்தது.
எப்போது திருப்பினேன் என்று ஞாபகமில்லை.
நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

குறையே இல்லாத பெட்டியின் பின்பலகையில்
தேய்ந்த துளைகள் எட்டு.
தீக்குச்சியின் மருந்தைக் கிள்ளிப் போட்டு,
பசையில் தோய்த்து,
துளைக்கு ஒன்றாகச் செருகி
ஒடித்துக்கொண்டு வந்தேன்.
கடைசித் துளை
இரண்டு குச்சி கேட்டது.